மக்ரிபுக்குப் பின் கொட்டகையில்

சிங்கப்பெருமாள் கோவில்
18 ஜனவரி 2025

அன்புள்ள யாசீன் அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் நீ "குதிரைங்கள வித்துடு" என்பாய், நான் கட் பண்ணிவிடுவேன். போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. அதனால் மெயிலில் எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

பூந்தியைக் காணோம்.

நீ இந்த இடத்தைப் பார்த்ததில்லை. மேடவாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மனையை விற்றுவிட்டார்கள், குதிரை என்றதும் வேறு யாரும் வாடகைக்கு இடம் தரவில்லை, கடைசியில் ஞானம்மாள் அக்காதான் தன் பழைய தோப்பைக் கொடுத்தார்கள் என்பது வரை உனக்குத் தெரியும். முன்னால் ஒரு சின்ன வீடு. அதில் நானும் அம்மாவும். பின்னால் தகரக் கொட்டகை; மேலே கூரை, மூன்று பக்கமும் திறப்பு. நம் குதிரைகள் சீனியும் பாதாமும் அதில்தான். கொட்டகைக்குப் பின்னால் மதில், அதில் ஒரு பக்கம் மழையில் சரிந்து கிடக்கிறது. மதிலுக்கு அப்பால் முள்ளுக்காடு, அதற்கப்பால் மலை. ராத்திரியில் தூரத்தில் கம்பெனி பஸ்களின் வெளிச்சம் தெரியும். அவ்வளவுதான் வெளிச்சம்.

பூந்தியை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கட்டியிருந்தேன். புதிய ஆளைக் கண்டால் குலைக்கட்டும் என்று. வியாழன் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்தபோது சங்கிலி நீட்டிக் கிடந்தது. கழுத்துப்பட்டை அறுந்திருந்தது. மண்ணில் எதையோ இழுத்துப் போன தடம், சரிந்த மதில் வரை. ரத்தம் அதிகம் இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

டைசன் எங்கே இருந்தான் தெரியுமா? மேடவாக்கத்தில் குப்பை லாரியையே துரத்துவானே, அந்த டைசன். நம் மினி லாரிக்கு அடியில், பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தான். கூப்பிட்டால் வரவில்லை. பிஸ்கட்டுக்கும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு நானே தவழ்ந்து போய் இழுத்து வந்தேன். தன் மேலேயே சிறுநீர் கழித்திருந்தான்.

அடுத்த தோப்பிலிருந்து ஞானம்மாள் அக்கா வந்து சங்கிலியைப் பார்த்தார்கள். "நாய இப்டி வெளிய கட்டிப் போட்டா, அது வந்து துன்னாம இன்னா பண்ணும்?" என்றார்கள். எது என்று கேட்டேன். மலையைப் பார்த்தார்களே தவிர பேர் சொல்லவில்லை.

பாதாமுக்கு நாள் நெருங்கிவிட்டது. வயிறு இறங்கியிருக்கிறது. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பூந்தி ஓடிப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நிகத்


தோஹா
20 ஜனவரி 2025

நிகத்,

வ அலைக்கும் ஸலாம். முழுக்கப் படித்துவிட்டேன். இப்போது திட்டலாமா?

சினைக் குதிரையை வைத்துக்கொண்டு மதில் இடிந்த தோப்பில் யாராவது குடியிருப்பார்களா? இடிந்த மதில் பற்றி இத்தனை மாதமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாப்பா இருந்திருந்தால் முதல் நாளே அங்கே நின்று கல் அடுக்கியிருப்பார்.

நாய் ஓடிப்போயிருக்கலாம். தாம்பரம் பக்கமெல்லாம் நாய் பிடிக்கிற வண்டி சுற்றுகிறது என்று கேள்விப்பட்டேன். நாய்க்கு நாயே எதிரி என்பதும் உனக்குத் தெரியும். நான் இப்படியெல்லாம் எழுதுகிறேன், ஆனால் டைசனைப் பற்றி நீ எழுதியதை ரூமில் இருக்கிற ஹைதராபாத் ஆளிடம் சொன்னேன். அவன் காட்டோரத்து ஊர்க்காரன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "நாய் குலைச்சா பயம் இல்ல. குலைக்காம ஒளிஞ்சா, வந்தது சிறுத்தை" என்றான். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பிறகு எந்த நாயும் வெளியே இருக்கக் கூடாது. கட்டியும் இருக்கக் கூடாது, அவிழ்த்தும் இருக்கக் கூடாது. குதிரைகளைக் கொட்டகையின் நடுவில் நிறுத்து. பாதாமைக் குட்டையாகக் கட்டாதே. மிரண்டு இழுத்தால் கழுத்து முறிந்துவிடும். கயிறே வேண்டாம், மூங்கில் தடுப்பு போதும். விளக்கு எரியட்டும், விடிய விடிய ரேடியோ பாடட்டும். மதிலோரப் புதரை வெட்டு. ரோட்டில் கோழிக்கழிவு கொட்டுகிறார்களா பார். அதற்குத் தெருநாய்கள் வரும், நாய்களைத் தேடி மற்றது வரும்.

வனத்துறைக்குப் போன் செய். இன்றைக்கே.

விற்கச் சொல்லவில்லை. இந்தத் தடவை.

யாசீன்


சிங்கப்பெருமாள் கோவில்
25 ஜனவரி 2025

அண்ணா,

வனக் காவலர் அச்சுதன் என்று ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுகிறார். மதிலைப் பார்த்தார், இழுத்த தடத்தைப் பார்த்தார். பிறகு மோட்டார் ரூம் பக்கம் தண்ணீர் ஒழுகிச் சேறாகிற இடத்தில் குந்தி உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என் உள்ளங்கை அளவு. நகம் பதியாத தடம். நாய் என்றால் நகமும் பதியுமாம்.  அந்தச் சேற்றைத் தாண்டித்தான் தினமும் வாளியோடு போகிறேன். முந்தின ராத்திரி கூடப் போனேன்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்ல சார், நாங்க ரெண்டு பொம்பளைங்கதான் இருக்கோம்" என்றேன்.

"அது உங்களைத் தேடி வரலம்மா. நாயைத் தேடி வருது. நின்னுகிட்டு இருக்குற பெரிய குதிரையைத் தொடாது, உதை வாங்கும்னு அதுக்குத் தெரியும். குட்டி போட்டா மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க" என்றார். சினை என்று நான் சொன்னதும் மறுபடி எழுந்து போய்ச் சரிந்த மதிலைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் போகவில்லை.

நீ சொன்னபடி புதரை வெட்டினேன். ரேடியோ பாடுகிறது. மதிலின் ஓட்டையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறேன். கொத்தனார் தை முகூர்த்தமெல்லாம் முடியட்டும், பிறகு வருகிறேன் என்கிறார். அவர் வீட்டிலேயே கல்யாணமாம்.

பிரச்சினை டைசன். ராத்திரிக்கு வீட்டுக்குள் விடலாம் என்றேன். அம்மா கேட்கவே மாட்டேன் என்கிறாள். "நாய் இருக்குற வூட்டுக்குள்ள வானத்துலேர்ந்து மலக்கு எறங்கி வரமாட்டாங்க. நான் தொழுவுற எடம்டி இது" என்கிறாள். அவளிடம் சிறுத்தை என்று சொல்லிவிட்டேன், வேறு வழி இல்லை.  ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் இறங்கி வரவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. வாப்பா மௌத்தான பிறகு அவளுக்கு இருப்பது அந்தத் தொழுகைப் பாய் ஒன்றுதான்.

இப்போதைக்கு டைசன் மினி லாரியின் முன் கேபினில் தூங்குகிறான். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைக்கிறேன். மாலையானால் அவனே கேபின் கதவுக்குக் கீழே போய் நின்றுகொள்கிறான். பகலிலும் இப்போதெல்லாம் மலைப் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவதில்லை.

ராத்திரி நான் விழித்துக்கொண்டால் முதலில் கேட்பது சீனி காலை மாற்றி ஊன்றுகிற சத்தம். அது கேட்டால் கண்ணை மூடுவேன். கேட்காவிட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிற வரை படுத்திருப்பேன்.

நிகத்


தோஹா
27 ஜனவரி 2025

நிகத்,

லீவு கேட்டேன். இங்கே பந்தய சீசன், முடியாது என்றுவிட்டார் முதலாளி. மறுபடி கேட்பேன். இங்கே குதிரைகளுக்கு ஏசி போட்ட லாயம், இரட்டைக் கதவு, வாசலில் காவலாளி. ராத்திரி ரவுண்டு போகும்போது ஒவ்வொரு கதவாகத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறேன். அடுத்தவன் குதிரைக்குத் தாழ்ப்பாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாதாம் விஷயம். மடிக்காம்பில் மெழுகு மாதிரி கட்டினால் ஒன்றிரண்டு நாளில் போட்டுவிடுவாள். குதிரைகள் இருட்டில், யாரும் பார்க்காதபோதுதான் போடும். படுத்துத்தான் போடும். படுத்திருக்கும் குதிரையால் உதைக்க முடியாது. அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்து. குட்டி விழுந்ததும் நஞ்சுக்கொடியை எடுத்து ஆழமாகப் புதை, தரையைக் கழுவிச் சாம்பல் தூவு. அந்த வாடை வெகுதூரம் போகும்.

இரண்டாம் தேதி சேலையூர் கல்யாணத்துக்குச் சீனியை ஒத்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். போகாதே. அம்மா தனியாக இருப்பாள்.

போயே தீருவேன் என்றால் ஒரு சத்தியம் செய். அம்மாவும் செய்ய வேண்டும். வெளியே என்ன சத்தம் கேட்டாலும் இருட்டில் கதவைத் திறக்கக் கூடாது. குதிரை கத்தினாலும் சரி. போனால் குதிரைதான். நான் இதை எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை.

யாசீன்


சிங்கப்பெருமாள் கோவில்
30 ஜனவரி 2025

அண்ணா,

சேலையூரை விட முடியாது. மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை என்று பத்திரிகை கொடுக்கும்போதே சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார்களாம். கடைசி நேரத்தில் கைவிட்டால் அடுத்த சீசனில் தாம்பரத்தில் ஒரு மண்டபமும் நம்மைக் கூப்பிடாது. இஷாத் தொழுகை நேரத்துக்குள் திரும்பிவிடுவேன். பாதாம் மடியில் இன்னும் மெழுகு இல்லை, இன்று காலையும் பார்த்தேன்.

லாரி என்னோடு வந்துவிடும், டைசனுக்கு அன்றைக்கு இடம் இல்லை. அந்த ஒரு மாலை மட்டும் ஹாலில் விடும்மா என்று கெஞ்சியிருக்கிறேன். "பாக்கலாம்" என்றாள்.

நான் சத்தியம் செய்தேன். அம்மாவிடம் கேட்டேன். "நான் எதுக்குடி வெளிய போவப் போறேன், எனக்கே ஒடம்பெல்லாம் நடுங்குது" என்றாள். அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொள்.

நிகத்


சிங்கப்பெருமாள் கோவில்
3 பிப்ரவரி 2025

அண்ணா,

அம்மா நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். காலையில் போனில் உன்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. எழுதினால் வருமா பார்க்கிறேன்.

நேற்று ஊர்வலம் நீண்டுபோனது. மாப்பிள்ளையின் நண்பர்கள் சீனியை நகரவே விடாமல் ஆடினார்கள். செண்டை மேளச் சத்தத்தில் அம்மாவின் போன் எனக்குக் கேட்கவில்லை. பிறகு பார்த்தபோது மூன்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சீனியை அலங்காரத்தோடேயே வண்டியில் ஏற்றினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டுவதற்குள் எத்தனை முறை போன் போட்டேன் என்று தெரியாது. ஞானம்மாள் அக்காவும் எடுக்கவில்லை.

நம் சந்துக்குள் திரும்பினேன். ஊரே இருட்டு. கரண்ட் இல்லை. ரேடியோவும் நின்றுபோயிருந்தது.

ஹெட்லைட் வெளிச்சம் கொட்டகையில் விழுந்தது. அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் சோறு வடிக்கிற அலுமினியத் தட்டு. தட்டை மூங்கிலில் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் வந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை. ஆயத்துல் குர்ஸியை உரக்க ஓதிக்கொண்டிருந்தாள். குரல் கிழிந்துபோய் ஒரு காற்றாகத்தான் வந்தது. பக்கத்தில் ஞானம்மாள் அக்கா ஒரு எரிகிற தென்னை மட்டையைப் பிடித்துக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றார்கள். இவர்கள் இருவருக்கும் பின்னால் பாதாம் நின்றுகொண்டிருந்தாள், நனைந்து நடுங்கிக்கொண்டு. அவள் காலடியில் குட்டி.

நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். மக்ரிப் தொழுது எழுந்தபோதே பாதாம் நிலைகொள்ளாமல் சுற்றினாளாம். உடம்பெல்லாம் வேர்வை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. அப்புறம்தான் பாதாம் கத்தினாள்.

"அது குதிர கத்துற மாதிரியே இல்லடி" என்றாள் அம்மா. "நான் உன்னப் பெத்தப்ப கத்துன மாதிரி இருந்துச்சு. எப்டி உள்ள உக்காந்துகிட்டு இருக்குறது?"

கதவைத் திறந்துகொண்டு போயிருக்கிறாள். டார்ச் அடித்தால் பாதாம் படுத்திருக்கிறாள், குட்டி பாதி வெளியே வந்திருக்கிறது. டார்ச்சைத் தூக்கினால் மதிலின் மேல் இரண்டு கண். அசையாமல், பச்சையாக. திரும்பி வீட்டுக்கு ஓடலாம் என்று நினைத்தாளாம். கால் திரும்பவில்லையாம். குட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அது இறங்கியது. நான் போட்ட முள் ஒன்றுமே இல்லை அதற்கு. வயிறு தரையில் உரசுகிற மாதிரி, அவசரமே இல்லாமல் வந்ததாம்.

அண்ணா, டைசன் வெளியே இருந்தான். அம்மா அவனை ஹாலில் விடவில்லை. வாசல் கிரில்லுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். அம்மா கொட்டகைக்குப் போனபோது அவள் சேலையோடு ஒட்டிக்கொண்டே போயிருக்கிறான். அவளுடைய கால்களுக்கு நடுவில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தானாம். அந்த நடுக்கம் தன் காலில் தெரிந்தது என்கிறாள். பிறகு அந்த நடுக்கம் நின்றது. குனிந்து பார்ப்பதற்குள் அவன் பாய்ந்துவிட்டான்.

ஒரே ஒரு சத்தம் கேட்டதாம். அப்புறம் மதிலுக்கு அந்தப் பக்கம் முள் ஒடிகிற சத்தம்.

அந்த நேரத்தில்தான் ஞானம்மாள் அக்கா நெருப்போடு ஓடி வந்திருக்கிறார்கள். நான் வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

குட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பாதாம் என் தோளை மோந்தபடியே பின்னால் வந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அம்மா தொழுகைப் பாயைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தாள். நாற்காலிகளைத் தூக்கி வெளியே போட்டாள். "உள்ள கூட்டியா" என்றாள். ராத்திரி முழுக்கக் குதிரையும் குட்டியும் ஹாலில், நாங்கள் மூன்று பேரும் சுவரோரம். சீனியை லாரியிலிருந்து இறக்கவே இல்லை. நஞ்சை விடிந்ததும் ஆழமாகப் புதைத்துவிட்டேன்.

விடிகிற நேரத்தில் அம்மா மெதுவாகச் சொன்னாள். "அவன் கதவப் பிராண்டுனான் நிகத். நான் ஓதிகிட்டு இருந்தேன். தொறக்கல."

நான் என்ன சொல்ல? நீதான் சொல்லேன், நான் என்ன சொல்ல வேண்டும்?

நிகத்


தோஹா
4 பிப்ரவரி 2025

நிகத்,

படித்தேன். ரூமில் எல்லோரும் இருந்ததால் லாயத்துக்குப் போய் மறுபடியும் படித்தேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. அவள் பக்கத்தில் உட்கார், போதும். அவள் சத்தியத்தை மீறினாள் என்று நான் கோபப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தால் மட்டும், இல்லை என்று சொல்.

குட்டி சீக்கிரமாகப் பால் குடித்ததா? தொப்புளில் அயோடின் வைத்தாயா? இதையெல்லாம் கேட்கிறேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

முதலாளியிடம் போய் நின்றேன். இந்தத் தடவை கேட்கவில்லை, சொன்னேன். மாதக் கடைசியில் டிக்கெட். நோன்புக்கு முன்னால் வந்துவிடுவேன்.

கொத்தனாரின் நம்பரை அனுப்பு. அவர் வீட்டுக் கல்யாணத்தை நான் பேசிக்கொள்கிறேன்.

யாசீன்


சிங்கப்பெருமாள் கோவில்
14 பிப்ரவரி 2025

அண்ணா,

நீ கொத்தனாரிடம் என்ன பேசினாயோ, மறுநாளே வந்துவிட்டார். மதில் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிவிட்டது. கொட்டகைக்கு மூன்று பக்கமும் இரும்பு வலை, மேலே வரைக்கும். கரண்ட் போனாலும் எரிகிற மாதிரி பேட்டரி விளக்கு. குதிரைகளை மறுபடி கொட்டகைக்கு மாற்றியாயிற்று. ஹால் இன்னும் லாயம் மாதிரிதான் நாறுகிறது. அம்மா இரண்டு முறை கழுவிவிட்டாள்.

குட்டி பெண். நெற்றியில் ஒரு வெள்ளை. நன்றாகக் குடிக்கிறாள். நேற்று என் துப்பட்டாவைத் தின்னப் பார்த்தாள்.

அது இன்னும் இங்கேதான் இருக்கிறது. கம்பெனி ஒன்றின் சுற்றுச்சுவர்க் கேமராவில் நடந்து போயிருக்கிறது. அச்சுதன் சார் போனில் அந்தப் படத்தைக் காட்டினார். நான் பார்த்தேன், அம்மா பார்க்கவில்லை. நம் தோப்புக்குப் பின்னால் கூண்டு வைக்க அனுமதி கேட்டார். சரி என்றேன். கூண்டின் பின்பக்கத் தடுப்பில் ஒரு நாயைக் கட்டுவார்களாம். நாயின் சத்தத்துக்கு அது வருமாம்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். டைசனுக்குப் பிறகு வெளியாட்கள் யாரிடமும் அவள் பேசியதில்லை.

"அந்த நாய்க்கு ஒண்ணும் ஆகாதும்மா. நடுவுல கம்பி இருக்கு" என்றார் அச்சுதன் சார்.

"கம்பி இருக்குன்னு அந்த நாய்க்குத் தெரியுமா சார்?" என்றாள் அம்மா.

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார். அவள் அப்படிக் கேட்ட பிறகு அவராலும் வற்புறுத்த முடியவில்லை. கூண்டைக் கம்பெனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள். இன்று வரை எதுவும் விழவில்லை.

நீ கேட்கப் போகும் கேள்வி எனக்குத் தெரியும். விற்கலாமா, வேண்டாமா? ஒரு நாள் காலை விற்றுவிடலாம் என்று தோன்றுகிறது. குட்டி எழுந்து வெயிலில் ஓடினால் இதுகளை எப்படிக் கொடுப்பது என்று தோன்றுகிறது. அந்தக் கேள்வியோடு வா. மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுவோம். இனி கட் பண்ண மாட்டேன்.

இப்போது இதை எழுதுவது கொட்டகைக்குள் உட்கார்ந்து. அம்மா பக்கத்தில் பாயை விரித்து இஷா தொழுது முடித்துவிட்டுத் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருக்கிறாள். இங்கேயே தொழுகிறாள் இப்போதெல்லாம். மலைப் பக்கம் மயில் ஒன்று கத்தி நின்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

குட்டி காலை நீட்டிப் படுத்து நல்ல தூக்கம். குதிரை பயம் விட்டால்தான் தரையில் படுத்துத் தூங்கும், உனக்குத் தெரியாததா? பாதாம் குட்டிக்கும் வலைக்கும் நடுவில் நிற்கிறாள். காது இரண்டும் மதில் பக்கம். பன்னிரண்டு நாளாக அவள் படுக்கவில்லை.

நாங்களும்தான். சீக்கிரம் வா.

நிகத்